குளூனி மடமும் திருமறையும்

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், குரோன் என்னும் சிற்றாற்றின் கரையில் குளூனி என்றோர் ஊர் உண்டு. மக்கள் தொகை 5,000 அளவில்தான். கி.பி. 910-இல் அக்குயித்தேன் கோமகன் வில்லியம் அங்கிருந்த தம் நிலத்தைக் கிறித்தவத் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தார். மடம் எழுந்தது, மடத்தை அண்டி ஊரும் வளர்ந்தது. 1088-இல் அங்கே கட்டத் தொடங்கிய ஆலயம் முற்றுப்பெற்றபோது 187 மீட்டர் நீளம் இருந்தது. ரோமாபுரியின் புனித பேதுரு ஆலயம் பிற்காலத்தில் புதுப்பித்துக் கட்டப்படும் வரை கிறித்தவ உலகில் அதனினும் பெரிய ஆலயம் இருந்ததில்லை.

அந்தக் கட்டடத்தில் நம்மவர் பொன்னும் கலந்திருக்கிறது. ஸ்பெயினில் கிலாஃபத் சிதறிய பின், ஒருவரோடொருவர் பொருதிய முஸ்லிம் சிற்றரசர்கள் கிறித்தவ மன்னர் ஆறாம் அல்போன்சோவுக்குத் திறை கட்டினர். அவர் குளூனிக்கு ஆண்டுதோறும் பொன் அனுப்பினார். உடன்பிறந்தார் பூசலில் ஊரார் வீடு கட்டிக்கொண்ட கதைதான்!

இன்று அந்த ஆலயமும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1798-இல் வணிகர்களுக்கு விற்கப்பட்டு, ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டது. ஒரு புறச் சிறகும் கோபுரங்கள் சிலவும் எஞ்சின. அந்தக் கற்களைக் கொண்டு குதிரை லாயங்கூடக் கட்டினார்கள்.

ஆனால் குளூனியை நான் மறவாதிருப்பதற்குக் காரணம் கல்லன்று, ஒரு நூல். திருக்குர்ஆன் முழுவதும் முதன்முதலாக இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டது இம்மடத்தின் ஏற்பாட்டில்தான். மடத்தின் தலைவராயிருந்த பீட்டர் 1142-இல் ஸ்பெயினுக்குச் சென்றார். அங்கே எப்ரோ ஆற்றங்கரையில் அரபு நூல்களைக் கொண்டு வானநூல் பயின்றுகொண்டிருந்த இராபர்ட் என்ற ஆங்கிலேயரைக் கண்டு, நிறையப் பொருள் தந்து இப்பணியில் அமர்த்தினார். 1143-இல் மொழிபெயர்ப்பு முடிந்தது.

நோக்கம் நல்லதா? இல்லை. இஸ்லாத்தை மறுப்பதற்கே பீட்டர் இதைச் செய்வித்தார். நூலின் தலைப்பிலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி ஓர் இழிசொல் இருக்கிறது. அதை இங்கே எழுத என் பேனா கூசுகிறது. மொழிபெயர்ப்பும் சொல்லுக்குச் சொல் அமைந்ததன்று. சுருக்கியும் விரித்தும் தம் போக்கில் எழுதிச் சென்றார் இராபர்ட்.

ஆயினும் சினத்தோடு மட்டும் இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சிலுவைப் போர்க் காலம் அது. வாளெடுப்பதே வழியென்று ஐரோப்பா கருதிய நாளில், மறுப்பதற்கேனும் முதலில் படித்தறிய வேண்டும் என்று ஒரு துறவி எண்ணினார். இன்னும் வியப்பு, அருஞ்சொற்கள் வந்த இடங்களில் இராபர்ட் முஸ்லிம் அறிஞர்களின் தஃப்ஸீர் விளக்கங்களைத் தழுவியே பொருள் கொண்டிருக்கிறார் என்று இக்கால ஆய்வாளர் காட்டியிருக்கின்றனர். பகைவர் கையிலும் நம் உலமாக்களின் உழைப்பு ஊடுருவியிருக்கிறது. மறுப்பு நூல் எழுதுமாறு பீட்டர் புகழ்பெற்ற பெர்னார்டை வேண்டினார், அவர் எழுதவில்லை. பீட்டரே எழுதினார். இலத்தீன் குர்ஆனோ நானூறு ஆண்டு கையெழுத்துப் படிகளிலேயே வாழ்ந்து, 1543-இல்தான் பாசெல் நகரில் அச்சேறியது. அச்சிட முனைந்தவரை நகர மன்றம் சிறையிலிட்ட பின், லூதர் பரிந்து பேச வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றில் என்னை உறங்கவிடாதவர் வேறொருவர். மொழிபெயர்ப்பு பிழையின்றி அமைய வேண்டும் என்று கிறித்தவ அறிஞர்களோடு ஒரு முஸ்லிமையும் சேர்த்துக்கொண்டதாகப் பீட்டர் குறித்திருக்கிறார். அவர் பெயர் முஹம்மது. அவ்வளவுதான். எந்த ஊரார், எவர் மகன், கூலிக்கு வந்தாரா, கட்டாயத்தால் வந்தாரா, ஒன்றும் இல்லை. தம் கையால் விளங்கவைத்த இறைவசனங்கள் எந்தத் தலைப்பின்கீழ்ப் போகின்றன என்பது அவருக்குத் தெரியுமா? அல்லது, அல்லாஹ்வின் சொல் எந்த மொழியில் போனாலும் தன் வேலையைச் செய்யும் என்று எண்ணி உடன்பட்டாரா? இராபர்ட்டின் பெயரை அறிஞருலகம் அறியும். பீட்டருக்கு ‘வணக்கத்திற்குரியவர்’ என்ற பட்டமும் வாய்த்தது. அந்த முஹம்மது பகற்பொழுதெல்லாம் அவர்களோடு அமர்ந்து ஆயத்துகளுக்குப் பொருள் சொல்லிவிட்டு, லுஹருக்கு எங்கே எழுந்து போய்த் தொழுதார் என்பதையாவது யாரேனும் ஒரு வரி எழுதி வைத்திருக்கலாகாதா?