வாப்பாவின் இரும்பு வளையம்

எங்கள் குசினிக் கதவு காற்றுக்கு அடிபடாமலிருக்க ஓர் இரும்பு வளையத்தை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும், "இதையேன் பழைய இரும்புக்குப் போடவில்லை?" என்று கேட்பார்கள். வாப்பாவின் ஜீப்புக்குப் பின்னால் ஓடிய சிறு ட்ரெய்லரின் முனையில் இருந்த வளையம் அது.

இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு அமெரிக்கக் கம்பனிகள் 1941 முதல் 1945 வரை 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவை இழுப்பதற்கென்றே கால் தொன் ட்ரெய்லர்களும் வந்தன. அப்படியொரு ஜீப் பல கைகள் மாறி வாப்பாவிடம் வந்து, 1970களில் வெலிமடையில் மரக்கறி ஏற்றியது.

ஜீப்பின் பின்புறத்தில் ஒரு கொளுக்கி இருக்கும். ட்ரெய்லரின் வளையத்தை அதில் மாட்டி, மேல்நாக்கை மூடி, நாக்கு திறவாதபடி சிறு ஊசியொன்றைச் செருக வேண்டும். கொளுக்கி கைவிட்டாலும் வண்டி ஓடிவிடாமல் இரண்டு பக்கமும் சங்கிலி. மேடு பள்ளத்தில் ட்ரெய்லர் எந்தப் பக்கம் சரிந்தாலும் வளையம் கொளுக்கிக்குள் இசைந்து கொடுக்கும்.

கராஜ் பாஸ் அந்தக் கொளுக்கியைப் 'பின்டில்' என்பார், வளையத்தை 'லூனெட்' என்பார். பிற்காலத்தில் அகராதியைப் புரட்டினேன். லூனெட் பிரெஞ்சுச் சொல்லாம். சின்ன நிலவு என்று பொருள். மூக்குக் கண்ணாடிக்கும் அங்கே அதே பெயர்தான். பின்டில் பழைய ஆங்கிலச் சொல். அதன் முதற் பொருளைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது! பிறகு கப்பலின் சுக்கானைத் தாங்கும் முளைக்கு அந்தப் பெயர் வந்தது. குதிரைகள் பீரங்கி இழுத்த காலத்திலேயே இந்தக் கொளுக்கியும் வளையமும் இதே பெயர்களோடு இருந்தன. குதிரைகள் போய் ஜீப் வந்தபோதும் பெயர்கள் மாறவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒருநாள் விடிகாலை நானாதான் ட்ரெய்லரை மாட்டினார். ஊசியையும் போடவில்லை, சங்கிலியையும் கொளுவவில்லை. கோவா மூட்டைகளின் மேல் தம்பி ஏறி உட்கார்ந்திருந்தான். பண்டாரவளைப் பாதையின் ஏற்றத்தில் ஒரு குழியில் ஜீப் குலுங்கியது. நாக்கு திறந்துகொண்டது. முன்னால் இருந்த நான் திரும்பிப் பார்த்தபோது ட்ரெய்லர் தம்பியோடு பின்னோக்கி உருண்டுகொண்டிருந்தது. வலப்பக்கம் பள்ளம். அல்ஹம்துலில்லாஹ், அது இடப்பக்கம் திரும்பி மண்திட்டில் மோதி நின்றது. தம்பிக்கு முன்பற்கள் இரண்டு போயின. கோவா எல்லாம் பாதையில்.

வாப்பா நானாவை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து, ஜீப் புறப்படுமுன் நான் பின்னால் போய் ஊசியையும் சங்கிலியையும் தொட்டுப் பார்த்து, "போட்டிருக்கு வாப்பா" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவார்.

வாப்பா மௌத்தான பிறகு ஜீப்பை விற்றோம். வளையத்தை மட்டும் நான் கழற்றி வாங்கிக்கொண்டேன். நானா இப்போதும் பெருநாளைக்கு வருவார். குசினி வாசலில் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். இதையேன் வைத்திருக்கிறாய் என்று அவர் மட்டும் கேட்டதில்லை.