செவிலி ஏன் வாய் திறக்கவில்லை?

துன்பியல், தனிமொழி, முரண்நகை, முன்னுணர்த்தல்! ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைப் பாடமாகப் பெற்ற இளைஞர்கள் இச்சொற்களை மந்திரம்போல் உருப்போடுகின்றனர். பொருளறியாது முணுமுணுக்கும் சொல் கோயிலில் ஒலித்தால் என்ன, கல்லூரியில் ஒலித்தால் என்ன?

பட்டாபிராமில் மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் மாணவ நண்பர்களிடம், அந்தக் காதல் ஏன் சாவில் முடிந்தது என்று கேட்டேன். "விதி, ஐயா" என்றார் ஒருவர். "நட்சத்திரக் கோளாறு" என்றார் மற்றொருவர். தேர்வு வழிகாட்டி அப்படித்தான் கூறுகிறதாம்! நாடக முகப்பின் 14 அடிப் பாட்டில் விண்மீன் பேச்சு உண்டுதான். அதே பாட்டில் இரு குடும்பங்களின் பழம்பகையும் பேசப்படுகிறதே, அது மட்டும் வழிகாட்டியாரின் கண்ணில் படாமல் போனதேனோ?

நம்மிடம் சொல் இல்லையா, தோழர்களே! ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து, 1926இல் 'மதங்க சூளாமணி' தந்தார் ஈழத்து விபுலாநந்தர். காவி உடுத்தவர்தாம், ஆயினும் அவர் தமிழுக்குச் செய்த பணியை மறுப்பவன் நானல்லன். நான் இன்னும் பின்னே சென்றேன், அகத்திணைக்கு. பெற்றோர் அறியாக் காதல் களவு. தந்தை பாரிஸ் என்பானுக்கு மகளைக் கொடுக்க முனைவது நொதுமலர் வரைவு. ஜூலியட்டை வளர்த்த தாதி செவிலி. தூது செல்வதால் தோழியும் அவளே.

அடுத்த சொல்லில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது: அறத்தொடு நிற்றல். தலைவியின் களவைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் உரைத்து மணத்துக்கு வழி கோலுவது. அதற்கு 7 வகை வகுத்தது தொல்காப்பியம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் அந்த ஒரு பேச்சே! வெரோனா நகரில் அப்பேச்சு எழவில்லை. மணம் முடிந்ததைச் செவிலி அறிவாள், சொல்லவில்லை. பாரிஸையே மணந்துகொள் என்றுகூட அறிவுரை கூறினாள்! மணம் செய்வித்த பாதிரியாரும் அறிவார். அவர் வாய் திறந்தது பிணங்களின் நடுவே நின்றுதான்.

ஒன்றை மறைப்பதற்கில்லை. தலைவன் தலைவி ஒப்புமைக்குத் தொல்காப்பியம் கூறும் பத்தில் முதலாவது பிறப்பு. ஒத்த பிறப்பினர்க்கே திறந்த கதவு அது!

"செவிலி சொல்லியிருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்களா?" என்று கேட்டார் ஓர் இளைஞர். வாளேந்திய வீட்டில் யாரிடம் சொல்வாள் அவள்? நான் வெரோனாவை விட்டு விருத்தாசலத்துக்கு வந்தேன். அதன் அருகே புதுக்கூரைப்பேட்டையில், 2003இல், சாதி கடந்து பதிவுமணம் செய்த இருவரின் மறை வெளிப்பட்டது. செய்தி பெண்ணின் வீட்டாரை எட்டியது. மணப்பந்தல் எழவில்லை, இருவர் வாயிலும் நஞ்சு ஊற்றி, உடல்களை எரித்தனர். ரோமியோ நஞ்சைத் தானே விலைகொடுத்து வாங்கினான். இங்கே உறவினரே கொணர்ந்தனர். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புரைக்க 2021 ஆயிற்று. உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025இல்.

அச்செயலுக்கு அகத்திணையில் பெயரில்லை. ஆணவக் கொலை என்று நம் காலம் பெயரிட்டிருக்கிறது. நண்பர்கள் அதனையும் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள், துன்பியலுக்கு அடுத்த வரியில்.