செவ்வாயின் நடுக்கம்

செவ்வாய் என்றதும் எம்மவருக்கு முதலில் நினைவு வருவது சாதகக் கட்டமே. கலைப்பீட மாணவனாகிய எனக்கும் அக்கோளோடு வேறு உறவு இருந்ததில்லை; அது நடுங்குகின்றது என்று படிக்கும்வரை.

2004 டிசெம்பர் 26ஐ நினைவறியாப் பருவத்திலே கடந்தவன் நான். சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் அசைந்தது எமது கரைகளை என்ன செய்தது என்பதைக் கேட்டே வளர்ந்தேன். ஆதலின் நடுக்கம் என்னும் சொல்லை அழிவினின்றும் பிரித்துப் பார்க்க என்னால் இயன்றதில்லை. அழுவதற்கு எவருமில்லாத ஒரு நிலத்தின் நடுக்கத்தை மனிதர் விரும்பிச் சென்று கேட்டனர் என்பது எனக்கு விந்தையாயிற்று.

1976இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் இரண்டும் அதிர்வுமானிகளைச் சுமந்து சென்றன. ஒன்றின் கருவி பூட்டு விடுபடாமலே கிடந்தது. மற்றையது கலத்தின் மேற்றளத்தில் இருந்தமையாற் பெரும்பாலும் காற்றின் உலுக்கலையே பதிந்தது. 2018 நவம்பர் 26இல் எலீசியம் சமவெளியில் இறங்கிய இன்சைட் கலமோ, இயந்திரக் கையினால் அதிர்வுமானியை நிலத்திலேயே இறக்கி வைத்து, காற்றும் வெப்பமாற்றமும் தாக்காவண்ணம் அதன்மேல் ஒரு மூடியையும் கவிழ்த்தது. பின்னர் மாதக்கணக்கிற் காத்திருப்பு. 2019 ஏப்பிரல் 6இல் முதல் நடுக்கம் பதிவாயிற்று. 2022 முடிவதற்குள் 1,300க்கும் மேல். பூமியில் நிகழ்ந்திருப்பின் அவற்றுட் பலவற்றை எவரும் உணர்ந்திரார்.

செவ்வாயிலே பூமியிற்போல நகரும் தட்டுகள் இல்லை. குளிர்ந்து சுருங்கும் கோளின் ஓடு வலுக்குறைந்த இடங்களில் முறிகின்றது. சேர்பரஸ் பிளவுப் பகுதியிலிருந்தே பல நடுக்கங்கள் வந்தன; அங்கு ஆழத்தில் இன்னும் பாறைக்குழம்பு இருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். இந்த அலைகளைக் கொண்டே அக்கோளின் உலோகக் கருவில் உருகிய பகுதி உண்டென்று உறுதிப்படுத்தினர். 'இறந்த கோள்' என்று நாம் கூறிவந்தது அவசரத் தீர்ப்பென்றே எனக்குத் தோன்றுகின்றது.

இவ்வளவிலும் என்னைத் தொட்டது ஒரு முடிவு. சூரியத் தகடுகளிற் செந்தூசி படிந்து மின்வலு குன்றிக்கொண்டிருந்தது. 2022 மே 4இல், அந்நிலையிலேதான், யாவற்றிலும் பெரிய நடுக்கம் வந்தது, அளவு 4.7. அதிர்வுமானியை நிறுத்தினாற் கலம் சிலகாலம் கூடுதலாய் உயிர்த்திருக்கும். எதையும் கேளாது உயிர்த்திருந்து ஆவதென்ன? யூன் மாதத்தில் அதனை இயக்குவோர், கலம் விரைவில் அடங்கினும் கருவி இயன்றவரை கேட்டுக்கொண்டிருக்கட்டும் எனத் தீர்மானித்தனர். அது மேலும் சில மாதங்கள் கேட்டது. டிசெம்பர் 15இன் பின்னர் அழைப்புகளுக்கு மறுமொழி வரவில்லை.