பட்டத்துக்குப் பின்னும் பாடம்

420 என்ற எண்ணின் பொருளைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலை மிதியாதவரும் ஏமாற்றுக்காரனை அந்த எண்ணால் அழைப்பார். 302 என்றால் கொலை என்பதும் அவ்வாறே நம் பேச்சில் ஊறிப்போயிற்று. 1860இல் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வழக்கில் இருந்ததன் விளைவு அது. 2024 ஜூலை 1 அன்று அச்சட்டம் விலக, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. மோசடி 318க்கும் கொலை 103க்கும் இடம்பெயர்ந்தன. புதிய நூலின் 302ஆம் பிரிவைப் புரட்டினால், பிறருடைய சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்குடன் பேசுவது குற்றம் என்றிருக்கிறது. மறையுரை ஆற்றுவோர் நினைவில் வைக்கத்தக்க எண்தான்!

குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறின. அவற்றின் பெயர்களையும் உள்ளடக்கத்தையும் எதிர்த்துத் தமிழக வழக்கறிஞர்கள் போராடினர். அது தனி விவாதம். எங்கள் பங்கில் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்துவரும் வழக்கறிஞர் ஒருவர் உண்டு. “சாமி, ஐம்பத்தெட்டு வயதில் மறுபடியும் முதலாம் ஆண்டு மாணவனாகிவிட்டேன். ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம், பின் நடந்ததற்குப் புதியது. இரண்டு புத்தகமும் மேசைமேல் இருக்க வேண்டும்” என்றார். அவர் படிக்கிறார். படியாதவருக்கு என்ன நேரும்? அவருக்கு ஒன்றும் நேராது. நேர்வது வேறொருவருக்கு.

குரங்கணியை எண்ணிப் பார்ப்போம். கொழுக்குமலைக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் ஏறும் வழியின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். அங்கிருந்து தோட்ட வேலைக்குப் போன ஓர் இளைஞன், போடியில் ஏலக்காய்க் கிடங்கு ஒன்றில் திருடியதாகக் கைதானான் என்று வைத்துக்கொள்வோம். முன்பு எவ்வழக்கிலும் தண்டனை பெறாதவன். ஜாமீன் ஆணை கிடைத்தும் பிணை நிற்க ஆளில்லை. பொருளைக் காத்துவைக்கும் கட்டடத்தில் திருடுவதற்கு உச்சத் தண்டனை 7 ஆண்டுகள். பழைய நடைமுறையின் 436ஏ பிரிவின்படி, அதில் பாதியை, அதாவது மூன்றரை ஆண்டுகளை, விசாரணைக் கைதியாகவே கழித்தவர் விடுதலை கோரலாம். புதிய 479ஆம் பிரிவு, முதல் முறை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அதனை மூன்றில் ஒரு பங்காக்கியது. இரண்டு ஆண்டு நான்கு மாதம் கழிந்ததும், பிணையாள் இல்லாமலே சொந்தப் பத்திரத்தின்பேரில் அவன் வெளிவரலாம். இடைவெளி 14 மாதங்கள். ஜூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

விலக்குகளும் உள்ளன. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் இருந்தாலும் கிட்டாது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. எழுதினாரா என்று கேட்க ஒரு வழக்கறிஞர் வேண்டுமன்றோ? அவர் பழைய பாதிக் கணக்கிலேயே நின்றுவிட்டால், மலையடிவாரத்தில் ஒரு தாய் பதினான்கு மாதம் கூடுதலாகக் காத்திருப்பாள். தன் வக்கீல் எதைப் படிக்கவில்லை என்பதை அவள் எங்ஙனம் அறிவாள்?

மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமேனும் தொடர்கல்வி பெற வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் கூறுகின்றன. பட்டயக் கணக்காளர்களுக்கும் அவர்களது நிறுவனம் கற்றல் மணிகளை விதித்துள்ளது. குருக்களாகிய நாங்களும் தப்பவில்லை. திருநிலைப்பாட்டுக்குப் பின்னும் கற்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 279ஆம் எண். அத்தொகுப்பில் தண்டனைகளைப் பற்றிய ஆறாம் நூல் திருத்தப்பெற்று 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்ததால், குருமடத்தில் நான் கற்ற பக்கங்கள் பல இன்று செல்லா. குரங்கணி என்றதும் 2018 மார்ச் 11இல் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டவரைப் பலிகொண்ட காட்டுத்தீ நம் நினைவுக்கு வரும். பிறந்தது முதல் மலையை அறிந்த உள்ளூர் இளைஞரும் பயிற்சி பெற்றே இன்று வழிகாட்டிகளாகச் செல்கின்றனர். வழக்கறிஞருக்கோ, பதிவு செய்தபின் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு ஒன்று. அதன்பின் நாடு தழுவிய கட்டாயம் எதுவுமில்லை.

கட்டாயமாக்கினால் போதுமா? அமெரிக்காவில் மினசோட்டாவும் அயோவாவும் 1975லேயே வழக்கறிஞர் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கின. இங்கிலாந்திலோ ஆண்டுக்கு 16 மணி என்ற கணக்கை 2016இல் கைவிட்டு, தமக்கு என்ன தெரியவில்லை என்பதை வழக்குரைஞர்களே ஆய்ந்து கற்கட்டும் என்று விட்டுவிட்டனர். எனக்கு இரண்டாவதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பயிலரங்குகளில் கடைசி வரிசை எவ்வளவு விரைவில் நிரம்புகிறது என்பதைக் கண்டவன் நான். ஆயினும் தாமாகக் கற்பதற்கும் வாய்ப்பு வேண்டும். கருத்தரங்கு சென்னையிலோ மதுரையிலோ நடக்கும். அன்றைய வழக்குகளை விட்டுவிட்டுப் போவது யார்? போடிக்கு 2010 இறுதியில் நின்றுபோன ரயிலே 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. இணையவழி உரைகள் ஏராளம் உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில். கீழமை நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிப்பதோ தமிழில்.

அந்த வழக்கறிஞர் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் மறைக்கல்வி அறையைக் கேட்டுப் பெற்றிருக்கிறார். ஏழெட்டு ஜூனியர்களும் இரண்டு குமாஸ்தாக்களும் வருகின்றனர். சமயம் பாராது எல்லாரும் வருகின்றனர். ஒரு மாலைக்கு ஒரு பிரிவு. தமிழில் உரக்கப் படித்து விவாதிக்கின்றனர். சென்ற வாரம் மின்னணுச் சாட்சியம் பற்றிய 63ஆம் பிரிவு. கைப்பேசிப் பதிவைத் தாக்கல் செய்ய இரு பகுதிகள் கொண்ட சான்றிதழ் தேவை. இரண்டாம் பகுதியில் வல்லுநர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். “போடியில் அந்த வல்லுநர் யாருங்க?” என்று மூத்த குமாஸ்தா கேட்டார். யாரும் விடை சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு அதே பிரிவை மீண்டும் எடுத்துக்கொள்வதென முடிவாயிற்று.