நவம்பர் பதினைந்து

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 15 ஒரு திருநாள் போன்றது. துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் ஆண்டுதோறும் அன்றே தொடங்குகிறது. வடபகுதியில் பல பள்ளிகளுக்கும் விடுமுறை. மான்களுக்கு அது எத்தகைய நாளோ என்று, 2019-இல் மகள் வீட்டில் தங்கியிருந்த நான் கசப்புடன் எண்ணினேன். மான் வேட்டையை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கிய நாட்டிலிருந்து சென்றவனல்லவா!

அடுத்த வீட்டுப் பெரியவர் போலந்து வழிவந்த கத்தோலிக்கர். அவர் வீட்டுச் சுவரில் புனித ஹூபர்ட்டின் படம். மானின் கொம்புகளுக்கிடையே சிலுவை ஒளிர்கிறது. அக்காட்சி கண்டு மனம் மாறியவர் எவ்வாறு வேட்டைக்காரரின் பாதுகாவலரானார் என்று வினவினேன். “வந்து பாருங்கள்” என்றார்.

எனக்கும் ஓர் ஆரஞ்சு நிற மேற்சட்டையை அணிவித்து இருளிலேயே அழைத்துச் சென்றார். கணுக்கால் அளவு உறைபனி. சூரியோதயத்திற்கு அரைமணி நேரத்திற்கு முன்னர்ச் சுடலாகாது என்பது விதி. அவர் கைக்கடிகாரத்தை நோக்கியவாறே அமர்ந்திருந்தார். பொழுது புலர்ந்ததும் தொலைவில் வெடியோசைகள் எழுந்தன.

சற்று நேரத்தில் கொம்புள்ள வெண்வால் மான் ஒன்று வந்தது. சுட்டார். அது துள்ளி மறைந்தது. அவரோ எழவில்லை. “இப்போது துரத்தினால் வலியோடு இன்னும் ஓடும்” என்று அரைமணி காத்திருந்தார். பின்பு பனியில் சிந்திய குருதித் துளிகளைப் பின்தொடர்ந்தோம். ஒரு மணி, இரண்டு மணி. புதரிலும் சதுப்பிலும் குனிந்தே நடந்தார். இடையில் வேறொரு கொழுத்த மான் எதிரே வந்து நின்றது. துப்பாக்கியை அவர் உயர்த்தவேயில்லை. “என்னால் காயமுற்றது எங்கோ கிடக்கிறதே” என்றார்.

மூன்றாம் மணி நேரத்தில் தேவதாரு மரத்தடியில் அதைக் கண்டோம். உயிர் பிரிந்திருந்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றி மௌனமாக நின்றார். பின்னரே உரிமச் சீட்டைக் கொம்பில் கட்டினார்.

“வருத்தமாயில்லையா?” என்றேன்.

“ஒவ்வோர் ஆண்டும்.”

திரும்பும் வழியில் அவர் பழைய கதை சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்களை வரம்பின்றிச் சுட்டு, இறைச்சியை இரயிலேற்றி நகரங்களுக்கு விற்றார்களாம். மான்கள் அருகிப்போயின. அதனால்தான் இன்று வேட்டையாடிய மானின் இறைச்சியை விற்கலாகாது, கொடுக்கலாம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய வரி, வனவிலங்குகளின் பராமரிப்புக்கே செல்கிறது. கொல்பவரே காப்பதற்கும் பணம் தருவது விந்தைதான். ஆயினும் நம் ஊர் இறைச்சிக் கடையில் நான் ஒருநாளும் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

சில நாள் கழித்து எங்களுக்கும் ஒரு பங்கு வந்தது. மகள் மிளகிட்டு வறுத்தாள். பேரன் மட்டும் தொடவில்லை. அவனை யாரும் வற்புறுத்தவுமில்லை.