மடிப்பில் கிழிந்த சேலை

ஆர்கண்டி என்னும் துணியை இன்றைய இளையர்கள் பலர் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். மெல்லிய பருத்தித் துணிதான். ஆனால் கண்ணாடிபோல் மறுபுறம் தெரியும், கையில் எடுத்தால் காகிதம்போல் மொடமொடக்கும். ஒரு காலத்தில் பெண்கள் அதை விரும்பிச் சேலையாக உடுத்தினார்கள். சிறுமிகளுக்குப் பிறந்தநாள் கவுனும் அதில்தான் தைத்தார்கள். அந்தக் கவுன் கழுத்தில் குத்தும் என்பது வேறு கதை.

சிங்கப்பூரில், அடுக்குமாடி வீட்டில் தையல் வேலை செய்துவந்த மூதாட்டி ஒருவரிடம் அப்படிப்பட்ட சேலை ஒன்று இருந்தது. அது அவருடைய தாயாரின் சேலை. வெள்ளைத் துணியில் இளநீலப் பூத்தையல். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பார். ஓர் ஆண்டு அதைப் பிரித்தபோது, மடிப்பு இருந்த இடங்களில் கத்தியால் கீறியதுபோல் கிழிந்திருந்தது. விறைப்பான துணிக்கு அதுதான் எதிரி. மீண்டும் மீண்டும் ஒரே கோட்டில் மடிக்கும்போது இழைகள் அங்கே ஒடிந்துவிடுகின்றன.

இனி அது உடுத்துவதற்கு ஆகாது. வெட்டிப் பயன்படுத்தலாம் என்று அவர் முடிவு செய்தார். கிள்ளானில் இருந்த அக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது, மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை.

“அம்மா சேலையை வெட்டுறதா? உனக்கு எப்படி மனசு வருது?”

“பெட்டியிலேயே வெச்சிருந்தா தூளாப் போயிடும் அக்கா.”

“தூளாப் போனாலும் அது அம்மா சேலைதான்.”

அதன்பின் மூன்று வாரங்கள் அக்கா அழைக்கவில்லை. கத்தரியும் மேசையிலேயே கிடந்தது. தொழிலில் எத்தனையோ பேருடைய துணியைத் தயங்காமல் வெட்டியவருக்கு இந்த ஒரு துணியில் கை ஓடவில்லை.

வெட்டுவதற்குமுன் துணியின் தன்மையை அறிய வேண்டும் என்று அவர் தமக்குத் தாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். அது உண்மையும்கூட. பழைய விறைப்புத் துணிகள் எல்லாம் ஒன்றல்ல. உதிர்ந்த இழை ஒன்றை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினார். எரிந்த காகித வாசம் வந்தால் பருத்தி. முடி கருகும் வாசம் வந்தால் பட்டு, அது ஆர்கன்சா. உருகி மணிபோல் திரண்டால் நைலான். உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் பேத்தி, தானும் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பாட்டி பக்கத்தில் நின்றுதான் அனுமதித்தார். காகித வாசம் வந்தது.

அடுத்து, ஓரத்துண்டு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டார். மலிவான துணியில் விறைப்பு வெறும் கஞ்சியால் வருவது, துவைத்தால் துவண்டுவிடும். நல்ல ஆர்கண்டியை நெய்தபின் சில நொடிகள் கந்தக அமிலத்தில் தோய்த்து உடனே அலசிவிடுவார்கள். அதனால் பருத்தி இழையின் தன்மையே மாறி, துணி கண்ணாடிபோல் ஆகும். அந்த விறைப்பும் நிலைத்து நிற்கும். இந்த முறையில் பெயர் பெற்றவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். நம் வட்டாரத்தின் பழைய நோன்யா கெபாயாக்களிலும் வாயில், ஆர்கண்டி போன்ற ஐரோப்பியத் துணிகள் உண்டு. 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அதே கெபாயாதான்.

ஊறவைத்த துண்டு காய்ந்தபின் மறுபடியும் மொடமொடத்தது. மறுநாள் காலையில் அவர் கத்தரியை எடுத்தார்.

ஒடிந்த மடிப்புக் கோடுகளை நீக்கிவிட்டால், மிஞ்சியவை நீளமான பட்டைகள்தாம். ஒன்றும் முழு உடைக்குப் போதாது. ஆனால் தையலில் வெளியே தெரியும் துணியைவிட உள்ளே மறைந்திருக்கும் துணிக்கு வேலை அதிகம். பேத்தியின் வெள்ளைச் சட்டைக் காலருக்குள் ஒரு பட்டை போனது. கடைகளில் விற்கும் ஒட்டும் கேன்வாஸ் நாளடைவில் கொப்புளிக்கும். ஆர்கண்டிக்குப் பசையே இல்லை. பொத்தான் துளைகளுக்குப் பின்னால் சிறு துண்டுகளை வைத்துத் தைத்தார். தோள்பட்டைத் தையல் இழுபடாமல் இருக்க ஒரு மெல்லிய நாடா. இன்னொரு துண்டை இஸ்திரி போடும்போது மேலே விரிப்பதற்கு வைத்துக்கொண்டார். பருத்தி என்பதால் சூடு தாங்கும். அடியில் இருக்கும் மடிப்பு நேராக இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

பூத்தையல் இருந்த பகுதிகளை மட்டும் அவர் தொடவில்லை. அவற்றுக்குக் கொரியர்களின் பொஜாகி முறை ஏற்றது என்று தோன்றியது. அவர்கள் மெல்லிய துணித் துண்டுகளை இணைத்துப் பொருள் பொதியும் துணி செய்வார்கள். வெட்டிய ஓரத்தை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துத் தைப்பதால் இருபுறமும் பிசிறு தெரியாது. மறுபுறம் தெரியும் துணியில் ஒவ்வொரு தையலும் கண்ணில் படும்; ஆகவே ஓரம் சீராக இல்லாவிட்டால் மறைக்க வழியில்லை. பதினாறு துண்டுகளை இணைக்க அவருக்கு இரண்டு மாதம் ஆனது. சன்னலில் பிடித்துப் பார்த்தபோது, இணைப்புக் கோடுகள் மட்டும் அடர்த்தியாகவும் மற்ற இடங்கள் வெளிச்சமாகவும் தெரிந்தன.

அதைக் கிள்ளானுக்கு அனுப்பினார். நான்கு நாள் கழித்து அக்கா அழைத்தார்.

“வந்து சேர்ந்துச்சு.”

“சன்னல்ல மாட்டினீங்களா அக்கா?”

“வெயில்ல மஞ்சளாப் போயிடாதா? பீரோவுல வெச்சிட்டேன்.”

தங்கை சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“மடிச்சா வெச்சீங்க?”

“ஆமாம். ஏன்?”

“மடிக்காதீங்க அக்கா. சுருட்டி வைங்க.”