பருப்புக்கு ஏன் இந்தத் தண்டனை?

‘யூரிக் ஆஸிட்’ என்ற வார்த்தை ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும், முதலில் வெளியே போவது துவரம் பருப்பு. அடுத்து கீரை. எங்கள் அத்திப்பட்டில் தெரிந்த நாலைந்து வீடுகளில் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டேன். சாம்பாரை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவலும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் தாராளமாக நடக்கும்! போன வருஷம் எங்கள் வீட்டுக்கும் இந்த விருந்தாளி வந்து சேர்ந்தார். அப்போது தெரிந்துகொண்டதை சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றே எழுதுகிறேன்.

என் கணவருக்கு வயது ஐம்பது. பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு வலது கால் கட்டைவிரலின் அடி மூட்டு சிவந்து, மினுமினுவென்று வீங்கிவிட்டது. போர்வை நுனி பட்டாலே துடித்துப் போகிறார். அடிபடவில்லை, முள்ளும் குத்தவில்லை. பத்து நாள் ஷூ போட முடியவில்லை. ஷூ இல்லாமல் வேலைக்குப் போக முடியாதே! அத்தனை நாளும் சம்பளமில்லாத லீவுதான். மூத்தவளுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டிய மாதம் வேறு.

“ஆட்டுக்கால் சூப் வச்சுக் குடும்மா, எலும்புக்கு பலம்” என்றார் மாமியார். “முதல்ல பருப்பை நிறுத்துங்க” என்றார் அடுத்த வீட்டு அக்கா. இரண்டையும் கேட்டுக்கொண்டு, அவரை ஆட்டோவில் ஏற்றி பொன்னேரியில் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நம் உடம்பின் செல்களிலும் சாப்பாட்டிலும் ‘பியூரின்’ என்று ஒரு பொருள் இருக்கிறது. அது சிதையும்போது மிஞ்சுவது யூரிக் ஆஸிட். அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம்தான் வெளியே தள்ளுகிறது. சரியாகத் தள்ளாவிட்டால் ரத்தத்தில் சேர்ந்துவிடும். சர்க்கரைப் பாகு சூடாக இருக்கும்போது தெளிவாக இருந்து, ஆறியதும் பூத்துப் போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுபோல 100 மில்லி ரத்தத்தில் 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால், யூரிக் ஆஸிட் ஊசி ஊசியாகப் படிய ஆரம்பிக்கிறது. உடம்பிலேயே குளிர்ந்த இடம் கால் விரல். அதனால்தான் அங்கே முதலில் வருகிறது. வலி இருக்கும்போது எடுக்கும் பரிசோதனையில் அளவு குறைவாகக் காட்டலாம் என்பதால், வலி தீர்ந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். இவருக்கு 8.9 இருந்தது. 6-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றார்.

இனி நம் இலாகாவுக்கு வருவோம். அடியோடு ஒதுக்க வேண்டியவை ஈரல், மூளை, குடல் போன்ற உள்ளுறுப்புகள். மீனில் மத்தியும் நெத்திலியும். பியூரின் தண்ணீரில் கரையக் கூடியது. ஆகவே கறியைக் கொதிக்க வைத்து இறக்கும் சூப்பில் அது இறங்கிவிடும். மாமியாருக்கு இதைப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று! பழவேற்காடு மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மீனே கூடாது என்றால் எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்? வாரம் இரண்டு நாள், ஆளுக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டோம். இறாலும் நண்டும் எப்போதாவதுதான். முட்டைக்குத் தடையில்லை.

பீர் குடிப்பவர்களுக்கு இரட்டைக் கேடு. அதிலேயே பியூரின் உண்டு, சிறுநீரகம் யூரிக் ஆஸிட்டை வெளியேற்றுவதையும் அது தடுக்கிறது. பலருக்குத் தெரியாத இன்னொன்று, பாட்டில் கலர். இனிப்புக் கலரில் உள்ள சர்க்கரையே உடம்பில் யூரிக் ஆஸிட்டைக் கூட்டுகிறது. இவர் ஷிப்ட் முடிந்து வரும்போது தினமும் ஒரு பாட்டில் குடிப்பார். இப்போது வந்ததும் ஒரு சொம்பு நீர்மோர் தருகிறேன். கொழுப்பு எடுத்த பால், மோர் இந்த நோய்க்கு நல்லது.

பருப்பு, கீரை விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 47,000-க்கும் அதிகமான ஆண்களை 12 வருஷம் கவனித்து, 2004-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாமிசமும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வந்தது. பியூரின் உள்ள காய்கறி, பருப்பு சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. ஆக, வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் சாம்பாரை நிறுத்துவதால் அவர்களுக்குப் புரதம் குறைவதுதான் மிச்சம்!

வெயிலிலும் சூட்டிலும் வேலை செய்பவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இரண்டரை லிட்டர் பிடிக்கிற மாதிரி பாட்டில்களை நிரப்பிப் பையில் வைத்துவிடுகிறேன். காலியாக வந்தால்தான் டிபன்! (இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே குடிக்க வேண்டும்.) கிருத்திகைக்கு முழுப்பட்டினி கிடப்பதையும் நிறுத்தச் சொன்னார். பட்டினியும் யூரிக் ஆஸிட்டைக் கூட்டுமாம். உடம்பை இளைக்க வைப்பதும் மெதுவாகத்தான்.

இவ்வளவும் செய்தால் மாத்திரை வேண்டாமா என்று கேட்பீர்கள். பத்தியத்தால் மட்டும் குறைவது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான். 8.9-க்கு அது போதாது. ஆகையால் அலோபியூரினால் மாத்திரையும் கொடுத்தார். அந்த மருந்தை உருவாக்கியவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி. பெண் என்பதாலேயே ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை மறுக்கப்பட்டவர், 1988-ல் நோபல் பரிசு வாங்கினார்! இந்த மாத்திரை சாப்பிடும்போது தோலில் தடிப்பு கண்டால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அது இல்லாமல், வலி போய்விட்டதே என்று நாமாக நிறுத்தக் கூடாது. எட்டு மாதத்தில் இவருக்கு 5.7-க்கு இறங்கிவிட்டது. அதன்பிறகு வலிக்காக ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

கடைசியாக நமக்கும் ஒரு வார்த்தை. மாதவிலக்கு இருக்கும்வரை பெண்களுக்குச் சுரப்பிநீரே ஓரளவு காவல். யூரிக் ஆஸிட்டைச் சிறுநீரகம் வெளியேற்ற அது உதவுகிறது. மாதவிலக்கு நின்றபின் அந்தக் காவல் போய்விடுகிறது. ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்கள், வீட்டுக்காரரின் பாட்டிலை நிரப்பும்போதே நமக்கும் ஒன்றை நிரப்பி வைத்துக்கொள்வோம். எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் மிச்சத்தைச் சாப்பிட்டு, தண்ணீர் குடிக்கவும் மறந்துபோகிற பழக்கம் நம்மோடு போகட்டும்.